நீலத் தார்ப்பாய்க்குக் கீழே செண்டுமல்லி என்ன நிறம்?

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டின் மாடியில் நின்று காலையில் கீழே பார்த்தால், வெயிலில் கொட்டிக் கிடக்கும் செண்டுமல்லி தீப்போல எரிகிறது. இரண்டடி தள்ளி, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, அதே மூட்டையிலிருந்து கொட்டிய செண்டுமல்லி பாசி பிடித்த பழுப்பாகக் கிடக்கிறது. ஆனால் யாரைக் கேட்டாலும் இரண்டையுமே ஆரஞ்சு என்றுதான் சொல்வார்கள். பொருளின் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு, மேலே விழும் வெளிச்சத்தின் நிறத்தை மூளை கழித்துவிடுகிறது. டிஜிட்டலில் நிறம் பூசப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பூ ஆரஞ்சு என்று தெரியும், அதனால் ஆரஞ்சை எடுத்து நிரப்புகிறார்கள். அதன்மேல் கறுப்பைத் தேய்த்து நிழல் என்கிறார்கள். படம் அழுக்காகிவிடுகிறது.

இங்கே ஒரே ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை கொண்டுபோகலாம். அல்சூரில் ஒரு கோயில் தெரு. நீலத் தார்ப்பாய் நிழலில் ஓர் அம்மா உட்கார்ந்து மல்லிகை கட்டுகிறார். பக்கத்தில் கூடை நிறையச் செண்டுமல்லி, கொஞ்சம் கனகாம்பரம், வாழை இலை. எதிரே வெயில் அடிக்கும் தெரு. இந்தக் காட்சியில் மாநிறத் தோல் உண்டு, பட்டு உண்டு, வெள்ளைப் பூ உண்டு, இரண்டு விதமான வெளிச்சம் உண்டு. பழகுவதற்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

மென்பொருளாக கிரிட்டாவை வைத்துக்கொள்கிறோம். காசு கொடுக்க வேண்டாம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், ஓவியத்துக்கென்றே செய்யப்பட்டது. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட், ப்ரோகிரியேட், ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவேதான். பட்டன்களின் பெயர்தான் மாறும்.

டேப்லெட்டும் தாளும்

தொடங்குவதற்குத் திரை இல்லாத சின்னப் பேனா டேப்லெட் (கணினியோடு இணைத்து வரையும் பலகை) போதும். வரையும் பரப்பு ஆறுக்கு நான்கு அங்குலம் இருந்தால் சரி. வாக்கம், ஹுயான், எக்ஸ்பி-பென் எதுவானாலும் பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் விசாரிக்கலாம். வாங்கும்போது இரண்டை மட்டும் பாருங்கள்: பேனாவுக்கு பேட்டரி தேவையில்லாமல் இருக்க வேண்டும், மாற்று நிப் தனியாகக் கிடைக்க வேண்டும். 4096 அழுத்த நிலையா 8192-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கைக்கு வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். முட்டை வடிவமாக வந்தால் உங்கள் கையில் குறை இல்லை. டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பூட்டும் தேர்வு ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் வரைந்தவர்களின் கை தப்பான வட்டத்துக்குப் பழகிப்போய்விடுகிறது. அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லையா? விண்டோஸில் பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்ல வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழிகள் உண்டு. கிரிட்டாவின் செட்டிங்ஸில் டேப்லெட் பக்கத்துக்குப் போய், வின்டேப் இருந்தால் விண்டோஸ் இங்க்குக்கும், விண்டோஸ் இங்க் இருந்தால் வின்டேப்புக்கும் மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

தாள் அளவு ஏ4, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). அதாவது 2480க்கு 3508 பிக்சல். அச்சுக்குப் போவதாக இருந்தால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள், 2551க்கு 3579 ஆகும். வெட்டும் கத்தி ஒரு நூல் தள்ளினாலும் வெள்ளை விளிம்பு தெரியாது. சின்னதாக வரைந்து பிறகு பெரிதாக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரிதாக்கினால் கோடு கலங்கும், சிறிதாக்கினால் பெரிதாகக் கெடாது. படத்தை லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய கண்ணாடித் தாள்கள்போல வரைவோம். இந்த அளவில் 8 பிட்டில் (நிறத்தின் படிகள் எவ்வளவு நுணுக்கம் என்பதைச் சொல்லும் எண்) ஒரு முழு லேயருக்கு ஏறக்குறைய 35 எம்பி நினைவகம் போகும். 16 பிட்டில் அது இரட்டிப்பாகும். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் 8 பிட்டிலேயே இருங்கள். வானம் மாதிரி பெரிய மங்கல் பரப்புகளில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் மட்டும் 16க்குப் போகலாம். நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி, சாதாரணத் திரைகளுக்கான பொது அளவுகோல்.

தானியங்கிச் சேமிப்பை 5 நிமிடத்துக்கு வையுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிரிட்டா புதிய எண்ணோடு தனிக் கோப்பாகச் சேமிக்கும். கரண்ட் போகும் ஊரில் இது பழக்கமாகிவிட வேண்டும்.

நிறத்துக்கு முன்னால் மூன்று சாம்பல்

தீப்பெட்டிப் படம் அளவுக்கு, 300 பிக்சல் அகலத்தில், ஆறு சின்னப் படங்கள் வரையுங்கள். வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு, இவ்வளவுதான் நிறம். கோடு வேண்டாம், திட்டுத் திட்டாகப் போடுங்கள். நம் காட்சியில் தெரு வெள்ளை, தார்ப்பாய் நிழல் சாம்பல், அம்மாவின் கூந்தலும் கூடையின் அடியும் கறுப்பு. மடியில் இருக்கும் மல்லிகைச் சரம் சாம்பலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கீற்று. கண் அங்கே போய் நிற்கிறதா? நின்றால் அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறிலும் நிற்கவில்லையென்றால் இன்னும் ஆறு போடுங்கள். இதில் செலவாகும் இருபது நிமிடம் பின்னால் இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

ஜனவரியில் குமார கிருபா ரோட்டில் சித்ரகலா பரிஷத் நடத்தும் ஓவியச் சந்தையான சித்ர சந்தைக்குப் போகிறவர்கள் இதை நேரிலேயே சோதிக்கலாம். பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அவ்வளவு படங்களில் சில மட்டும் நிற்கும், மற்றவை ஒன்றோடொன்று கலந்துவிடும். நிற்பவற்றில் வெளிச்சமும் இருட்டும் தெளிவாகப் பிரிந்திருக்கும்.

நிறம் பூசும்போதும் இந்தச் சாம்பலைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, முழுக்கக் கறுப்பை நிரப்பி, அதன் பிளெண்டிங் மோடை (கீழே உள்ளதோடு கலக்கும் முறை) கலர் என்று மாற்றுங்கள். அதன் கண் குறியை அழுத்தினால் படம் சாம்பலாகும், மறுபடி அழுத்தினால் நிறம் வரும். நிறம் தேர்வு செய்யும் பெட்டியில் இருக்கும் வேல்யூ (பிரகாசம்) எண்ணை நம்ப முடியாது. அங்கே தூய மஞ்சளுக்கும் 100, தூய நீலத்துக்கும் 100. ஆனால் கண் அப்படிப் பார்ப்பதில்லை. எஸ்ஆர்ஜிபி திரையில் வெள்ளையின் பிரகாசத்தை நூறு என்று வைத்தால் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. அதனால் மஞ்சள் வெள்ளையை ஒட்டி நிற்கும், நீலம் கறுப்பை ஒட்டி நிற்கும்.

கோடும் தட்டை நிறமும்

கோட்டுக்குத் தனி லேயர். பேசிக்-5 சைஸ் பிரஷ், 6 முதல் 10 பிக்சல். கை நடுங்கினால் பிரஷ் ஸ்மூதிங்கில் ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதிகம் வைத்தால் மூலைகள் வழுக்கி உருண்டைத் தன்மை வந்துவிடும். எம் விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பும். முகம் கோணியிருந்தால் அப்போது பளிச்சென்று தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது தட்டை நிறம். ஒவ்வொரு பொருளுக்கும் நிழலோ பளபளப்போ இல்லாத ஒரே நிறம், கோட்டு லேயருக்குக் கீழே. இங்கே பலருக்கும் வரும் தொல்லை, கோட்டை ஒட்டி ஒரு வெள்ளை நூல் தெரிவது. கோட்டின் ஓரப் பிக்சல்கள் முழுக் கறுப்பாக இருப்பதில்லை, பாதி ஊடுருவும் தன்மையோடு இருக்கும். நிரப்பும் கருவி அதைக் கண்டு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. ஃபில் டூலின் அமைப்பில் குரோ என்பதை 2 பிக்சலுக்கு வையுங்கள். நிறம் கோட்டுக்கு அடியில் நுழைந்து நிற்கும். நிரப்பியதும் நிறம் தாள் முழுக்கப் பாய்ந்துவிட்டால் கோட்டில் எங்கோ இடைவெளி இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டிருக்காமல் நிற லேயரிலேயே அந்த இடத்தைப் பிரஷால் அடைத்துவிட்டு நிரப்புங்கள்.

கோடு நிறைய உள்ள படத்துக்குக் கிரிட்டாவின் கலரைஸ் மாஸ்க் நல்ல வழி. ஒவ்வொரு பகுதியிலும் வேண்டிய நிறத்தில் ஒரு கிறுக்கல் போட்டால் மீதியை அதுவே நிரப்பிவிடும். பெரிய தாளில் மெதுவாக ஓடும். முடிந்ததும் சாதாரண பெயின்ட் லேயராக மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தொடும்போதெல்லாம் மறுபடி கணக்குப் போடும்.

எத்தனை லேயர்? தோல், புடவை, கூந்தல், பூக்கள், கூடை, பின்னணி என்று ஆறு ஏழு போதும். நாற்பது லேயர் வைத்தவருக்கு எதில் வரைகிறோம் என்பதைத் தேடவே நேரம் போகும். பெயரையும் தமிழிலேயே வையுங்கள். லேயர் 17 என்று இருந்தால் நாளைக்கு உங்களுக்கே தெரியாது.

பின்னணி தவிர இந்தத் தட்டை லேயர்களையெல்லாம் ஒரு குரூப்பில் போடுங்கள். குரூப்புக்குள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய லேயர் வைத்து, இன்ஹெரிட் ஆல்ஃபா குறியை அழுத்துங்கள். ஆல்ஃபா என்பது லேயரில் எங்கே நிறம் இருக்கிறது, எங்கே வெறுமை என்ற கணக்கு. இனி அந்த லேயரில் பூசுவது கீழே நிறம் இருக்கும் இடத்தில் மட்டும் தெரியும், வெளியே வழியாது. குரூப் போடாமல் இதை அழுத்தினால் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். கீழே உள்ள வெள்ளைப் பின்னணி தாள் முழுவதையும் மறைத்திருப்பதால் வெட்டுவதற்கு அதற்கு விளிம்பே இல்லை. கிரிட்டா வேலை செய்யவில்லை என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

ஒளி லேயர்

இப்போதுதான் படத்தின் உயிர் வருகிறது. அந்த இன்ஹெரிட் ஆல்ஃபா லேயரின் மோடை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். மல்டிப்ளை என்பது பெயருக்கேற்ற பெருக்கல்தான். மேல் நிறத்தின் சிவப்பைக் கீழ் நிறத்தின் சிவப்பால் பெருக்கி 255ஆல் (8 பிட்டில் உச்ச எண்) வகுக்கும். பச்சைக்கும் நீலத்துக்கும் அப்படியே. வெளிச்சம் ஒரு பொருள்மேல் பட்டுத் திரும்பும்போது இயற்கையில் நடப்பதும் ஏறக்குறைய இதே கணக்குதான். அதனால் இந்த லேயரை நிழல் லேயர் என்று நினைக்காதீர்கள். பொருள்மேல் விழும் வெளிச்சத்தின் நிறத்தைப் பூசும் லேயர் இது.

தார்ப்பாய் வழியாக இறங்கும் வெளிச்சம் நீலம். அதைச் சிவப்பு 120, பச்சை 160, நீலம் 255 என்று வைத்துக்கொள்வோம். செண்டுமல்லியின் தட்டை நிறம் 255, 150, 0. பெருக்கிப் பார்த்தால் 120, 94, 0 வருகிறது. திரையில் போட்டுப் பாருங்கள், ஆலிவ் பழுப்பு. மார்க்கெட்டில் கண்ட பாசிப் பழுப்பு இதுதான்! பூவில் நீலம் துளிகூட இல்லை, அதனால் நீல வெளிச்சத்தில் திருப்பி அனுப்ப அதனிடம் அதிகம் எதுவும் இல்லை. மல்லிகையோ 250, 250, 240. அது 118, 157, 240 ஆகிறது, தார்ப்பாயின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஒரே நிழலில் ஒன்று பழுப்பாகிறது, இன்னொன்று நீலமாகிறது. கறுப்பைத் தேய்க்கும் முறையில் இது வரவே வராது.

எனவே முதலில் குரூப் முழுவதற்கும் இந்த நீலத்தை நிரப்புங்கள். படம் கடல் ஆழத்தில் இருப்பதுபோல் ஆகும், பயப்பட வேண்டாம். இரண்டாவது வெளிச்சம் எதிரே இருக்கிறது. வெயில் அடிக்கும் தெருவும் எதிர்ச் சுவரும் சூடான வெளிச்சத்தை நிழலுக்குள் தள்ளுகின்றன. தெருவைப் பார்த்திருக்கும் பரப்புகளில் எல்லாம், அதே லேயரில், 255, 215, 175 என்ற வெளிர் ஆரஞ்சைப் பூசுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பரப்பு எங்கே பார்க்கிறது? தலை உச்சி, தோள், முழங்காலின் மேற்புறம், கூடைக் குவியலின் உச்சி ஆகியவை மேலே தார்ப்பாயைப் பார்க்கின்றன, அங்கே நீலம் இருக்கட்டும். கன்னம், மோவாயின் அடி, கையின் முன்புறம், கூடையின் முன் சரிவு தெருவைப் பார்க்கின்றன, அங்கே வெளிர் ஆரஞ்சு. இரண்டையும் பார்க்காத இடங்களில், முதுகுப் பக்கமும் புடவை மடிப்பின் உள்ளும், நீலத்தையே வேல்யூ 45 வரை இறக்குங்கள்.

சூடான வெளிச்சத்தை ஸ்கிரீன் மோடில் தனி லேயராகப் போட்டால் என்ன என்று தோன்றும். ஸ்கிரீன் கீழே உள்ள பொருளின் நிறத்தைக் கேட்காமல் மேலே ஆரஞ்சை ஏற்றிவிடும். வாழை இலைமேல் பால் கொட்டியதுபோல் வெளுக்கும். புகை, தூசி, விளக்கைச் சுற்றிய ஒளிவட்டம், இவற்றுக்கு ஸ்கிரீன் பொருத்தம். திடப்பொருளுக்கு மல்டிப்ளையே போதும்.

தார்ப்பாய்க்கு வெளியே இருக்கும் தெருவைத் துணிந்து வெளுக்கவிடுங்கள். நிழலில் உள்ள ஆளைப் பார்க்கும்போது கண் நிழலுக்குப் பழகிவிடுகிறது, வெயில் கூசும். தெருவில் விவரம் வரையத் தொடங்கினால் அம்மாவின் முகம் தோற்றுவிடும். வெயிலின் கோணத்தையும் ஒருமுறை முடிவு செய்துகொள்ளுங்கள். பெங்களூர் 13 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். நீண்ட நிழல் வேண்டுமென்றால் காலை எட்டு மணியாக வரையுங்கள்.

தார்ப்பாய் விளிம்பின் நிழல் தரையில் விழும் கோடு எவ்வளவு கூர்மை? வானில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகை. அதனால் நிழலின் விளிம்பு, பொருளிலிருந்து இருக்கும் தூரத்தில் நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும். 2.5 மீட்டர் உயரத்துத் தார்ப்பாய் என்றால், உச்சி வெயிலில் தரையில் இரண்டு, இரண்டரை செ.மீ. மங்கல். கூடை தரையைத் தொடும் இடத்திலோ நிழல் கத்திபோல் இருக்கும். படத்தில் எல்லா நிழலையும் ஒரே கூர்மையில் வரைந்தால் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் ஆகும். எல்லாவற்றையும் ஏர்பிரஷால் தேய்த்தால் தலையணைபோல் உப்பும். ஏர்பிரஷை இந்தப் படத்தில் இரண்டு இடத்துக்கு மட்டும் வையுங்கள், கன்னத்தின் திருப்பத்துக்கும் தார்ப்பாயின் ஊடொளிக்கும். மற்றதெல்லாம் பேசிக்-5 சைஸ் ஒப்பாசிட்டி. இந்த மூன்று பிரஷ் தவிர வேறு பிரஷ் பொதி எதையும் முதல் ஆறு மாதத்துக்கு இறக்காதீர்கள்.

கடைசியாக இன்னொரு மல்டிப்ளை லேயர். பொருளும் பொருளும் தொடும் இடுக்குகளுக்கு மட்டும் அது: கூடைக்கு அடி, விரலும் சரமும் சேரும் இடம், காதுக்குப் பின்புறம். அடர் செம்பழுப்பு, மெல்லியதாக. இதை அகலமாகப் போட்டால் படம் முழுக்கக் கரி பூசியதுபோல் ஆகிவிடும்.

மாநிறம்

டிஜிட்டல் பாடங்களில் பெரும்பாலும் வெளிர் தோலுக்கான எண்கள்தான் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே இருட்டாக்கினால் மாநிறம் வராது, சாம்பல் பூத்த முகம்தான் வரும். நம் படத்து அம்மாவுக்கு நடு நிறம் ஹியூ (நிறச் சக்கரத்தில் இடம்) 22, சாச்சுரேஷன் (நிறச் செறிவு) 55, வேல்யூ 58 என்று தொடங்குங்கள். வெளிச்சப் பக்கம் ஹியூ 27, சாச்சுரேஷன் 45, வேல்யூ 76. நிழல் பக்கம் ஹியூ 14, சாச்சுரேஷன் 65, வேல்யூ 36. நிழலுக்குப் போகும்போது ஹியூ சிவப்பை நோக்கி நகர்வதையும், சாச்சுரேஷன் ஏறுவதையும் கவனியுங்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் சிவப்பு இன்னும் கொஞ்சம் கூடட்டும்.

முகம் முழுக்க ஒரே நிறம் இல்லை. நெற்றி சற்று மஞ்சள், கன்னமும் மூக்கும் காதும் சற்றுச் சிவப்பு, மோவாய்ப் பக்கம் சற்று மங்கல். ஹியூவில் 3 முதல் 5 வரை மாற்றினாலே போதும். உள்ளங்கையும் நகக்கண்ணும் வெளிர், உள்ளங்கை ரேகைகள் அடர்த்தி. பூக்கட்டும் கை படத்தின் நடுவில் இருப்பதால் இதை விட்டுவிடாதீர்கள். அடர்ந்த தோலில் பளபளப்பு வெளிர் தோலைவிட எடுப்பாகத் தெரியும். அந்தப் பளபளப்பு தோலின் நிறத்தில் இருக்காது, வெளிச்சத்தின் நிறத்தில் இருக்கும். எனவே மூக்கின் மேலும் கன்ன எலும்பின் மேலும் ஹியூ 220, சாச்சுரேஷன் 18, வேல்யூ 80, குறைந்த ஒப்பாசிட்டியில் (மறைக்கும் அளவு) இரண்டே தீற்றல். மூக்குத்திக்கு மட்டும் விதி வேறு. தங்கம் உலோகம், அதன் பளபளப்பிலும் மஞ்சள் இருக்கும். வெள்ளைப் புள்ளி வைத்தால் வைரமாகத் தெரியும்.

முகத்தின் இந்த நுணுக்கங்களைத் தட்டை லேயர்மேலேயே, அதன் ஆல்ஃபாவைப் பூட்டிவிட்டு வரையலாம். பளபளப்பும் மூக்குத்திப் புள்ளியும் மட்டும் ஒளி லேயருக்கு மேலே தனி லேயரில், நார்மல் மோடில் வரட்டும். மல்டிப்ளைக்குக் கீழே போனால் அணைந்துவிடும். நிழலை இரண்டு முறை போட்டுவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி லேயரில் ஏற்கெனவே இருட்டு இருக்கும் இடத்தில் தட்டையிலும் இருட்டைப் போட்டால் மேலே சொன்ன எண்களைவிட இரண்டு படி கீழே போய்விடும். தோலுக்கு நேரடியாக எண்களைப் பயன்படுத்துவதாக இருந்தால், ஒளி லேயரை முகத்தின்மேல் வெளுத்துவிட்டு முகத்தைக் கையாலேயே முடியுங்கள். இரண்டு வழியும் சரிதான், கலக்கக் கூடாது.

பட்டும் பூவும்

அம்மாவுக்கு மயில் கழுத்து நிறப் புடவை. இது ஒரு நிறம் இல்லை, இரண்டு. பாவில் (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு நூல்) இன்னொன்று. துணி திரும்பும் கோணத்தைப் பொறுத்து ஒன்று மேலோங்கும். நம்மைப் பார்த்திருக்கும் பரப்பில் நீலம், திரும்பும் மடிப்பில் பச்சை. இரண்டுக்கும் நடுவே மெதுவான கலப்பு வைக்காமல் மடிப்பின் முகட்டில் சட்டென்று மாற்றுங்கள், பட்டு வந்துவிடும். மெதுவாகக் கலந்தால் அது பருத்தி. பளபளப்புக் கீற்றுகள் மடிப்பின் நீளவாக்கில், ஒல்லியாக, முனை கூர்ந்து போகட்டும்.

செண்டுமல்லிக் குவியலில் ஒவ்வொரு பூவாக வரையத் தொடங்கினால் இரவு விடிந்துவிடும், படமும் கெட்டுவிடும். முழுக் குவியலையும் ஒரே மேடாக நினைத்து, உச்சியில் நீல வெளிச்சம், முன் சரிவில் சூடான வெளிச்சம் என்று முடித்துவிடுங்கள். பிறகு பூக்களுக்கு இடையே உள்ள பள்ளங்களைப் போடுங்கள். அந்தப் பள்ளம் கறுப்பு இல்லை. ஆரஞ்சு இதழிலிருந்து ஆரஞ்சு இதழுக்கு வெளிச்சம் தெறிக்கத் தெறிக்க நிறம் கெட்டிப்படும். ஹியூ 17, சாச்சுரேஷன் 90, வேல்யூ 32 வையுங்கள், உள்ளே கனல் இருப்பதுபோல் தெரியும். அம்மாவின் கைக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பூக்களை மட்டும் இதழ் இதழாக வரையுங்கள். மீதி வெறும் திட்டுகள். பார்க்கிறவரின் கண் அவற்றைப் பூவாக்கிக்கொள்ளும்.

மல்லிகைக்குத் தூய வெள்ளையைக் கடைசிவரை தொடாதீர்கள். 255 என்ற எண்ணை எடுத்தவுடன் செலவழித்துவிட்டால் அதற்கு மேல் ஏற இடமில்லை. சரம் முழுவதும் நீலம் கலந்த வெளிர் சாம்பலில் இருக்கட்டும். தெருவைப் பார்க்கும் ஏழெட்டு மொக்குகளின் நுனியில் மட்டும், கடைசி நிமிடத்தில், மேல் லேயரில் கிட்டத்தட்ட வெள்ளை. காம்புப் பக்கம் ஒரு துளி மஞ்சள் பச்சை, இதழ் மெல்லியது என்பதை அது சொல்லிவிடும்.

கறுப்புக் கோடுகள் இன்னும் உறுத்துகிறதா? கோட்டு லேயரின் ஆல்ஃபாவைப் பூட்டி, தோலை ஒட்டிய கோட்டுக்கு அடர் செம்பழுப்பு, இலையை ஒட்டியதற்கு அடர் பச்சை என்று மேலேயே பூசுங்கள். வெயில் பக்கம் உள்ள கோடுகளை இன்னும் வெளுக்கலாம். பத்து நிமிட வேலை, ஆனால் படம் ஒரு படி ஏறிவிடும்.

அச்சு

திரையில் கண்ட எல்லா நிறமும் மையில் வராது. தார்ப்பாயின் மின்னும் நீலம், வாடாமல்லி, கிளிப்பச்சை, இவை மூன்றும் சிஎம்ஒய்கேயில் (அச்சின் நான்கு மை முறை) மங்கும். வரையும்போதே கன்ட்ரோலோடு ஒய் அழுத்தி சாஃப்ட் ப்ரூஃபில் (அச்சில் எப்படி வரும் என்ற முன்னோட்டம்) பார்த்துக்கொள்ளுங்கள். லேயர்கள் உள்ள கோப்பையே சிஎம்ஒய்கேக்கு மாற்றாதீர்கள், மல்டிப்ளை கணக்கெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு நகல் எடுத்து, லேயர்களை ஒன்றாக்கி, அதன்பின் மாற்றுங்கள். அச்சுக் கடையில் எஸ்ஆர்ஜிபி கோப்பே போதும் என்றால் அப்படியே கொடுத்துவிடலாம், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மேட் காகிதம் மையை உறிஞ்சும், இருட்டுப் பகுதிகள் ஒன்றாகக் கட்டிப்போகும். ஒரே ஏ4 தாளில் படத்தின் நான்கு சிறு நகல்களை, நிழல்களின் பிரகாசத்தை 0, 5, 10, 15 சதவீதம் ஏற்றி, அச்சடித்துப் பார்த்துவிட்டு எது சரியோ அதைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். திரையின் பிரகாசத்தை முழுதாக வைத்துக்கொண்டு வரைந்தவர்களுக்கு அச்சு எப்போதும் இருட்டாகவே வரும்.

இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 அளவில் ஒரு நகல், எஸ்ஆர்ஜிபி, பிஎன்ஜி. சிறிதாக்கும்போது ஓரங்கள் சற்று மழுங்கும், அதன்பின் மெல்லியதாக ஷார்ப்பன் செய்துகொள்ளலாம்.

லேயர்கள் உள்ள மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த பயிற்சி அதிலேயே இருக்கிறது. தட்டை நிறம் எதையும் தொடாமல், ஒளி லேயரை மட்டும் நகலெடுத்துக் காலி செய்யுங்கள். இப்போது நேரம் மாலை ஏழு, கடைக்கு மேலே ஒரு குண்டு பல்பு. வெளிச்சம் 255, 190, 110. அதைப் பூசினால் செண்டுமல்லி 255, 112, 0 ஆகிப் பழுத்துத் தெரியும். மல்லிகை 250, 186, 104 ஆகி மஞ்சளாகும். 20, 70, 130 என்று இருந்த புடவையின் நீலம் 20, 52, 56 ஆகிக் கரும்பச்சைக்குள் போய்விடும். பல்பு பக்கத்தில் இருப்பதால் தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகும்; தலையில் பிரகாசமும் முழங்காலில் இருட்டும் வேண்டும். மூன்றாவதாக, மழை நேரம்: வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமம், சற்றே நீலம் கலந்த சாம்பல், விழும் நிழல் எதுவும் இல்லை, இடுக்கு நிழல் மட்டும், ஈரத் தரையில் எல்லாவற்றின் பிம்பமும் தலைகீழாக.